ஓய்வூதியமா, வீடா: குறைந்த வருமானத்தில் எதற்கு முதலில் சேமிப்பது?

வாடகையும் மளிகையும் போக மாதம் ஐந்நூறோ ஆயிரமோ மட்டுமே மிஞ்சும் குடும்பங்கள், அதை முதுமைக்கு ஒதுக்குவதா, வீட்டுக்குச் சேர்ப்பதா என்று தயங்கும்போது, முதலில் பார்க்க வேண்டியது வயது வரம்பைத்தான்.

2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்கள் மட்டுமே சேரலாம். வருமான வரி செலுத்துவோர் சேர முடியாது. 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, நாம் தேர்ந்தெடுக்கும் தொகைக்கு மத்திய அரசு உத்தரவாதம் தருகிறது. 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதம் 210 ரூபாயும், 30 வயதில் சேர்பவர் 577 ரூபாயும், 40 வயதில் சேர்பவர் 1,454 ரூபாயும் கட்ட வேண்டும். சந்தாதாரர் இறந்தால் அதே தொகை கணவருக்கோ மனைவிக்கோ தொடரும்.

பூக்கட்டி விற்கும் 30 வயதுப் பெண் ஒருவர் அந்த 577 ரூபாயை வீட்டுக்கென்று பத்து ஆண்டுகள் எடுத்து வைத்தால், வட்டி நீங்கலாக 69,240 ரூபாய் சேரும். 15 லட்சம் ரூபாய் வீட்டுக்கு வங்கி 90 சதவீதம் கடன் கொடுத்தாலும் கையிலிருந்து ஒன்றரை லட்சம் போட வேண்டும். பத்திரச் செலவு தனி. வீடும் கைக்கு வராமல், வயதும் 40-ஐத் தொட்டிருக்கும். ஆகவே, சொந்த மனை இல்லாதவர்கள் ஓய்வூதியத்தை முதலில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பட்டா நிலம் இருந்தால் கணக்கு மாறும். நகர்ப்புறப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லாமலும் உள்ள குடும்பம், தன் மனையில் வீடு கட்ட 2.5 லட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம். அவர்கள் வீட்டை முந்த விடுவதில் தவறில்லை. மாதந்தோறும் போகும் வாடகை நின்றாலே பெரிய மிச்சம். மேலும், 5,000 ரூபாய் ஓய்வூதியம் விலைவாசிக்கேற்ப உயராது என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டுச் செலவுக்காக ஓய்வூதியக் கணக்கை இடையில் முடித்தால், கட்டிய பணமும் அதன் நிகர வருவாயும் மட்டுமே திரும்பும்; உத்தரவாத ஓய்வூதியம் போய்விடும். தாக்குப்பிடிக்கக் கூடிய தொகையில் தொடங்கிவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை அதை உயர்த்திக்கொள்ள விதி இடமளிக்கிறது; 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 30 வயதில் மாதச் சந்தா 116 ரூபாய்தான்.