மண்ணை யாரும் 'மீளுருவாக்கம்' செய்வதில்லை

ஒரு கையேட்டைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் பக்கத்திலேயே "மண்ணை மீளுருவாக்கம் செய்யும் வேளாண்மை" என்று இருந்தது. புரட்டினால் "மீளுருவாக்க வாழ்வியல்", அப்புறம் "மீளுருவாக்கப் பொருளாதாரம்", கடைசியில் "மீளுருவாக்கச் சுற்றுலா". பதினோராவது முறை கண்ணில் பட்டதும் மூடிவைத்துவிட்டேன். மூலத்தில் எல்லா இடத்திலும் இருந்தது 'ரீஜெனரேட்டிவ்' என்ற ஒரே சொல். அதற்கு மீளுருவாக்கம் பொருந்தாது என்பது என் கட்சி.

பிறப்பு வளர்ப்பை முதலில் முடித்துவிடுவோம். லத்தீனில் 'கெனெராரே' என்றால் ஈனுதல், முன்னால் 'ரே' வந்தால் மறுபடியும். கிறித்தவ இறையியலில் மறுபிறப்பு என்ற பொருளில் நெடுங்காலம் புழங்கிய சொல். உயிரியல்காரர்கள் எடுத்துக்கொண்டு, பல்லிக்கு அறுந்த வால் வளர்வதற்கும் ஹைட்ரா என்ற நீர்வாழ் சிற்றுயிர் துண்டானாலும் முழு ஹைட்ரா ஆவதற்கும் வைத்தார்கள். வேளாண்மையில் அதைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான ராபர்ட் ரோடேல், 1980களில்.

இதன் மூத்த சகோதரி 'சஸ்டைனபிள்'. கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்பது அதன் வேர்ப்பொருள். ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஃபான் கார்லோவிட்ஸ், உலைகளுக்கு மரம் தீர்ந்துகொண்டே போவதைப் பார்த்துவிட்டு, காடு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் வெட்டலாம் என்று 1713இல் எழுதினார். கருத்து அங்கிருந்து வருகிறது. 1987இல் ஐ.நா.வுக்காகத் தயாரான ப்ருண்ட்லாண்ட் அறிக்கை, வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சி என்று அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தமிழில் நீடித்த, நிலையான, பேண்தகு என்றெல்லாம் எழுதுகிறோம். எனக்குப் பிடித்தது 'வளங்குன்றா'. "கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை" என்ற குறளிலேயே (736) இருக்கிற சொல். இருக்கிற நல்ல சொல்லை விட்டுவிட்டு 'நிலையான' என்று போட்டு, நிலையான வைப்புத்தொகையையும் நிலையான வளர்ச்சியையும் ஒரே கொட்டிலில் கட்டிவைத்திருக்கிறோம். அது வேறு வயிற்றெரிச்சல், விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வளம் குன்றாமல் பார்த்துக்கொள் என்பது, வளம் இருக்கும்போது சொல்லவேண்டிய பேச்சு. ஏற்கெனவே குன்றிப்போன மண்ணில், பாதி வற்றிய கிணற்றில், இருப்பதை அப்படியே காப்பாற்றி என்ன செய்வது? எடுத்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப விடு, மண்ணும் நீரும் பூச்சியும் தாமே தேறிவர வழிவிடு என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. உழுவதைக் குறைக்கிறார்கள், வைக்கோல், இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போடுகிறார்கள், அறுவடைக்கும் விதைப்புக்கும் நடுவில் தரை வெறுமையாகக் கிடக்காமல் மூடுபயிர் விதைக்கிறார்கள். சில பருவம் போனபின் மூடாக்கை விலக்கிப் பார்த்தால், முன்பு வெடித்துப் பாளமாகக் கிடந்த தரை கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிரும். மேலே மண்புழு கழித்த குட்டிக் குட்டி உருண்டைகள். பூஞ்சை இழைகள் வெள்ளை நூலாக ஓடும். அந்த மண்ணை எந்த மனிதனும் உருவாக்கவில்லை.

என் சண்டையே இங்கேதான். உருவாகு, உருவாக்கு: முன்னது தன்வினை, பின்னது பிறவினை. 'உருவாக்கம்' என்றதும் உருவாக்குகிறவன் ஒருவன் வந்து நின்றுவிடுகிறான். செயலி உருவாக்கம், வேலைவாய்ப்பு உருவாக்கம், குழு உருவாக்கம் எல்லாவற்றிலும் செய்கிறவன் ஒருவன், செய்யப்படுகிற பொருள் ஒன்று. ஏங்கு ஏக்கம் ஆவதுபோல ஆகு என்பதும் ஆக்கம் ஆகலாமே, அது தன்வினைதானே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். ஆகலாம், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு 'உருவாக்கம்' என்று காதில் விழுந்ததும் யாருக்கும் 'தானாக உருவாவது' நினைவுக்கு வருவதில்லை, பத்துக்கு ஒன்பது பேர் கூடவே ஒரு 'செய்' சேர்த்து 'மீளுருவாக்கம் செய்' என்றுதான் எழுதுகிறார்கள். இடிந்த கோபுரத்தைப் பழைய படத்தைப் பார்த்து எழுப்புவதை மீளுருவாக்கம் என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். லத்தீன் வினையே பிறவினைதானே என்று இன்னொரு நண்பர் கேட்டார். இருக்கட்டும், பல்லி வாலுக்கு அந்தச் சொல்லை வைத்தபோதே அது தானாக நடப்பதையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. நாம் பெயர்க்கவேண்டியது இன்றைய பொருளை, ரோமாபுரியின் இலக்கணத்தை அல்ல.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் நாட்டு மராடி பகுதியில் நடந்ததைப் பாருங்கள். 1980களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் அங்கே கன்று நட்டு நட்டு அலுத்துப்போனார், நட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. ஒருநாள்தான் கவனித்தார்: வயலில் புதர் என்று நினைத்ததெல்லாம் வெட்டப்பட்ட மரங்களின் துளிர். அடியில் வேர் உயிரோடு இருக்கிறது. வேண்டிய துளிரை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட்டால் போதும், மரமாகிவிடும். உழவர்கள் பிடித்துக்கொண்டார்கள், பின்வந்த ஆண்டுகளில் நைஜரில் கிட்டத்தட்ட 50 லட்சம் ஹெக்டேருக்கு அது பரவியது. இந்த முறையின் பெயரிலும் 'ரீஜெனரேஷன்' உண்டு. நட்டது செத்தது, விட்டது பிழைத்தது, அதற்குப் பெயர் மீளுருவாக்கமாம்!

மற்ற போட்டியாளர்கள் இன்னும் மோசம். 'மறு உற்பத்தி' ஆலைச்சங்கு ஊதுகிறது. 'மீட்டுருவாக்கம்' என்றால் அடகில் வைத்த நகை ஞாபகம். 'புதுப்பித்தல்' சூரிய மின்சாரத்துக்குப் போய்விட்டது. பாடநூல்களில் வரும் 'இழப்பு மீட்டல்' பல்லி வாலுக்குப் பொருந்தும், ஆனால் போனது போனபடியே திரும்பி வருவதோடு நின்றுவிடும். 'புத்துயிர்ப்பு' பரவாயில்லை, செத்தது ஒருமுறை எழுந்துகொண்ட மாதிரி இருக்கிறதே தவிர, ஆண்டுதோறும் நடக்கிற வேலை அதில் தெரியவில்லை.

நம் முன்னோடிகள் 'ரினைசான்ஸ்' என்ற சொல்லை எப்படிப் பெயர்த்தார்கள் என்று பாருங்கள். அதுவும் மறுபிறப்புதான். 'மறுமலர்ச்சி' என்றார்கள். பூவை யாரும் மலர்த்துவதில்லை, அது மலர்கிறது. காது கேட்டுச் சொல் செய்தவர்கள் அவர்கள். இப்போது அகராதியைத் திறந்து, ஆங்கிலத்தில் எத்தனை துண்டோ தமிழிலும் அத்தனை துண்டு வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது என்கிறார்கள். 'ரீ' என்றால் மீள், அவ்வளவுதான்.

நான் முன்வைப்பது 'மறுதழைப்பு'. தழைத்தல் தன்வினை. வெட்டிய மரம் தழைக்கும், குடும்பம் தழைக்கும், நொடித்த தொழிலும் தழைக்கும். இருந்ததைவிடப் பெருகுவதும் அதில் அடங்கும். தழையுரம், தழைச்சத்து என்று வேளாண்மைக்குள் ஏற்கெனவே குடியிருக்கிற சொல்லும்கூட. இலைதழையோடு குழம்பாதா என்றால், குழம்பினாலும் நல்ல பக்கம்தான் குழம்பும்.

கையேட்டில் 'மறுதழைப்பு வேளாண்மை', 'மறுதழைப்பு வாழ்வியல்' என்று மாற்றினேன். "மண்ணை மீளுருவாக்கம் செய்யும்" என்பது "மண்ணைத் தழைக்கவிடும்" ஆனது, ஒரு சொல் மிச்சம். பொருளாதாரத்துக்கும் அதையே அரை மனதோடு போட்டேன். சுற்றுலாவில் என்ன தழைக்கிறது என்று ஒன்பது பக்கம் படித்தும் பிடிபடவில்லை, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பிவிட்டேன்.