எழுத்து பொடியாகத் தெரிகிறதா? ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள்

போன மாதம் ஓர் அச்சகத்துக்கு லேப்டாப் பார்க்கப் போனேன். கல்யாணப் பத்திரிகை டைப் செய்யும் தம்பி, இரண்டு வாரமாகத் தலைவலி, கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்றார். ஸ்க்ரீனைப் பார்த்தால் எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட மை மாதிரி கசிந்திருந்தது. ‘ன்’ எது, ‘ன’ எது என்று தெரியாதபடி மேற்புள்ளி கரைந்துபோயிருந்தது. ப்ரூஃப் பார்க்கிறவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

அது 15.6 அங்குல 4கே லேப்டாப். 3840 × 2160 பிக்சல் (ஸ்க்ரீனில் ஒளிரும் நுண்கட்டங்கள்). அதாவது ஓர் அங்குலத்துக்கு 282. விண்டோஸ் 100 சதவீதம் (பெரிதாக்காத இயல்பான அளவு) என்று கொள்வது அங்குலத்துக்கு 96 பிக்சலைத்தான். அதனால் எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். யாரோ உதவி செய்வதாக நினைத்து ரெசல்யூஷனை, அதாவது படத்தை வரையும் பிக்சல் எண்ணிக்கையை, 1366 × 768 ஆக்கியிருக்கிறார்கள். எழுத்து பெரிதானது, சரி. ஆனால் ஸ்க்ரீனில் இருக்கும் பிக்சல்கள் கூடுவதோ குறைவதோ இல்லை. அந்தச் சிறிய படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் ஏறக்குறைய 2.8 மடங்கு இழுத்துப் பரப்ப வேண்டும். பக்கத்துப் பிக்சலோடு கலக்காமல் அதைச் செய்ய முடியாது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரெசல்யூஷனை ‘ரெகமண்டட்’ என்று போட்டிருப்பதற்கே திருப்பிவிட்டு, ஸ்கேலை, அதாவது எழுத்தையும் பட்டன்களையும் எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும் என்ற அளவை, 250 சதவீதம் வைத்தேன். மேற்புள்ளிகள் பளிச்சென்று வந்துவிட்டன. கண் டாக்டரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், தலைவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

அப்புறமும் அவருடைய பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் மட்டும் மங்கலாகவே இருந்தது. ஸ்கேலிங் தெரியாத பழைய புரோகிராம்களை விண்டோஸ் 100 சதவீதத்தில் வரையவிட்டு, அதை ஒரு படம் போலப் பெரிதாக்கிக் காட்டும். மங்கல் அங்கேதான் வருகிறது. அந்த ஐகானை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போய், கடைசியில் இருக்கும் ஓவர்ரைடு என்ற கட்டத்தை டிக் செய்து ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ கொடுத்தேன். எழுத்து தெளிந்தது, டூல்பார் படங்கள் கொஞ்சம் மங்கல்தான். 2017இல் விண்டோஸ் 10இல் வந்த இந்த வசதி எல்லாப் புரோகிராமுக்கும் பலிக்காது. ‘அப்ளிகேஷன்’ என்று கொடுத்தால் எழுத்து கூர்மையாக இருக்கும், ஆனால் பட்டன்கள் கடுகளவாகிவிடும்.

தினமும் பழைய புரோகிராமில் வேலை செய்கிறவர்கள் 4கே வாங்கும் முன், அந்தப் புரோகிராமைக் கடையிலேயே போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 24 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டரில் அங்குலத்துக்கு 92 பிக்சல். ஸ்கேலிங்கைத் தொடாமலே அங்கே வேலை நடக்கும்.