கணினியே வானொலியாகும் விதம்

சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8-ஐக் கணினியில் கேட்க வேண்டுமென்றால் நம்மில் பெரும்பாலோர் இணையத்தில் அதன் நேரலையைத் திறந்துகொள்கிறோம். கலையகத்தின் ஒலி சுருக்கப்பட்டு, துண்டு துண்டாக வந்து, கணினியில் சற்றுத் தங்கிய பிறகே நம் காதுக்கு எட்டுகிறது. சமையலறை வானொலியில் செய்தி தொடங்கிவிட்டது, கணினியில் இன்னும் பாட்டு முடியவில்லை என்றால் இந்தத் தங்கல்தான் காரணம்.

வானலையைக் கணினி நேராகவே பிடிக்கவும் வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். கட்டைவிரல் அளவு யூஎஸ்பி கருவி ஒன்று போதும். அதிலுள்ள ஆர்டிஎல்2832யூ என்ற சில்லு டிஜிட்டல் தொலைக்காட்சிக்காகச் செய்யப்பட்டது. சிங்கப்பூர்த் தொலைக்காட்சி டிவிபி-டி2 முறையில் வருவதால், முந்தைய முறைக்கான இந்தச் சில்லு இங்கே அந்த வேலைக்கு உதவாது. ஆனால், பிடித்த அலையை அப்படியே எண்களாக்கிக் கணினிக்குத் தள்ளிவிடும் திறனும் அதற்கு உண்டு என்பது 2012-இல் பரவலாகத் தெரியவந்தது. அதன் பிறகு மிச்சமிருப்பது முழுக்க முழுக்கக் கணக்கு.

எண்களின் வெள்ளம் சாதாரணமானதன்று. அலையை அளந்தெடுத்த மாதிரிகள் வினாடிக்கு 2.4 மில்லியன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள், எண்ணுக்கு ஒரு பைட், ஆக 4.8 மில்லியன் பைட். 128 கிலோபிட் இணைய ஒலிபரப்பைப்போல் இது 300 மடங்கு. அதற்கேற்ற பலனும் உண்டு. 96.8 மெகாஹெர்ட்ஸை நடுவில் வைத்தால் 95.6 முதல் 98 வரை ஒரே நேரத்தில் உள்ளே வந்துவிடுகிறது. 95.8, 96.3, 97.2 ஆகிய சீன நிலையங்களுக்கு இடையே நம் தமிழ் நிலையம் ஒரு மேடாக எழுந்து நிற்பதைத் திரையிலேயே பார்க்கலாம்.

மென்பொருள் அந்த ஒரு மேட்டை மட்டும் வடிகட்டி, மாதிரிகளை வினாடிக்கு 240,000 ஆகக் குறைக்கிறது. ஒரு மாதிரியின் இரண்டு எண்களையும் வரைபடத்தில் குறித்தால் ஒரு புள்ளி கிடைக்கும். மையத்திலிருந்து அதற்கு இழுக்கும் கோடு, கடிகார முள்போல் ஒரு திசையைக் காட்டும். அடுத்த மாதிரியில் முள் திரும்பியிருக்கும். எவ்வளவு திரும்பியது என்பதுதான் ஒலி! பண்பலையில் குரல் அலையின் உயரத்தை மாற்றுவதில்லை. அதிர்வெண்ணை இருபுறமும் அசைக்கிறது. அந்த அசைவின் உச்சம் 75 கிலோஹெர்ட்ஸ். அதை 240ஆல் வகுத்து 360ஆல் பெருக்கினால் 112.5 பாகை. இது 180க்குள் அடங்குவதால், முள் வலம் போனதா இடம் போனதா என்ற குழப்பமே எழாது.

செய்தி வாசிப்பவர் மூச்சு வாங்கும் நொடியிலும் முள் முழுவதும் ஓய்வதில்லை, மெல்லிய நடுக்கம் ஒன்று மிஞ்சும். அது ஸ்டீரியோவுக்காக நிலையம் சேர்த்து அனுப்பும் 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டி அலை. அதை இரட்டித்து 38 கிலோஹெர்ட்ஸில் தேடினால், இடது, வலது ஒலிகளின் வித்தியாசம் கிடைக்கும். ஏற்கெனவே கையிலிருக்கும் அவ்விரண்டின் கூட்டுத்தொகையோடு அதைக் கூட்டியும் கழித்தும் ஸ்டீரியோ பிறக்கிறது. பள்ளிக்கூடக் கணக்கு இவ்வளவு அழகாகப் பயன்படும் இடங்கள் குறைவு.

அமைப்பில் கவனிக்க வேண்டியவை சில. நிலையம் உயர்த்தி அனுப்பும் உயர்சுரங்களை மீண்டும் தணிக்கும் உயர்சுரத் திருத்தம் அமெரிக்காவுக்குரிய 75 மைக்ரோவினாடியில் இருந்தால் குரல் மங்கும். இங்கே 50 வேண்டும். அலைநீளத்தில் கால்பங்கான ஏறத்தாழ 77 சென்டிமீட்டர் கம்பியை ஆன்டெனாவாக வைத்து, கான்கிரீட் சுவர்களை விட்டு சன்னலோரம் நிறுத்தலாம். மடிக்கணினியின் மின்னேற்றியிலிருந்து தள்ளி வைப்பது நல்லது, அதன் இரைச்சலும் அலையாகவே உள்ளே வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், கருவியின் பெருக்கத்தை, அதாவது பிடித்த அலையை அது பெரிதாக்கும் அளவை, குறைப்பது. சில்லு தரும் ஒவ்வோர் எண்ணும் எட்டு பிட், எட்டு பிட் என்றால் 256 படிகள்தாம். சிறிய தீவில் அனுப்புநிலையங்கள் அருகிலேயே இருப்பதால் அந்தப் படிகள் சட்டென்று நிரம்பிவிடும். நிரம்பினால் இல்லாத நிலையங்கள் திரையில் முளைக்கும். பெருக்கத்தை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டே வாருங்கள். போலி மேடுகள் முதலில் மறையும், ஒலி 96.8 அசையாமல் நிற்கும்.