பணம் எண்ணிக் கொடுக்கும் முன் பென்டிரைவைச் செருகுங்கள்

குளச்சலில் இருந்து ஒரு அம்மாவும் மகளும் நாகர்கோவிலில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார்கள். கையில் புத்தம்புது லேப்டாப். விண்டோஸுக்குப் பதிலாக, இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுத் தர வேண்டும். கழற்றிப் பார்த்தால் 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி (சேமிப்புக்கான மலிவுச் சிப்), இரண்டும் போர்டிலேயே பற்றவைத்தவை.

"ராம் கூட்ட முடியாதா அண்ணா?"

"மாட்ட இடமே இல்லை மக்களே."

லினக்ஸ் ஏறியது. பிரவுசரில் நாலு டேப் திறந்ததும் திணறியது.

அதே காசுக்கு, கம்பெனிகள் ஓட்டிக் கழித்த செகண்ட்ஹேண்ட் லேப்டாப் (லெனோவோ திங்க்பேட், டெல் லாட்டிடியூட், எச்பி எலைட்புக்) கிடைத்திருக்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ, இன்டெல் பிராசசரில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான். அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5 எல்லாம் ஓரங்கட்டப்படுகின்றன. லினக்ஸுக்கு அந்தக் கணக்கே கிடையாது. திங்க்பேட் டி470 மாதிரி மாடலில் ராமுக்கு இரண்டு ஸ்லாட், சேமிப்புக்கான எஸ்எஸ்டியும் மாற்றலாம்.

ஆனால் பார்த்து வாங்க வேண்டும். லினக்ஸில் ஒரு வகையான மின்ட் ஏற்றிய பென்டிரைவோடு கடைக்குப் போங்கள். இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். முதலில் வைஃபை. இன்டெல் கார்டு என்றால் அநேகமாகத் தானாகவே எடுத்துக்கொள்ளும். பிராட்காம் என்றால் பல நேரம் டிரைவர் தனியாக இறக்க வேண்டும், அதற்கு இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும்! (போனை யுஎஸ்பியில் மாட்டிச் சமாளிக்கலாம்.) அப்புறம் மூடியை மூடித் திறந்து, தூங்கி எழுகிறதா என்று பாருங்கள். பேட்டரிக்கு, டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) யுபவர் கட்டளை (upower -d) கொடுத்தால் புதிதில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு என்று இரண்டும் வரும். கடைக்காரர் வாய்க்கணக்கைவிட அது நம்பகமானது.

நம்ம ஊருக்கென்று ஒன்று: யுஎஸ்பி துளைகளுக்குள் டார்ச் அடியுங்கள். கடலோரத்தில் கிடந்த லேப்டாப் என்றால் உள்ளே பச்சைக் களிம்பு தெரியும். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். களிம்பைப் பார்த்தால் விலையே பேச வேண்டாம்.

ஆன் செய்ததும் பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் உள் நிரல்) பாஸ்வேர்டு கேட்டாலும் அப்படித்தான். திங்க்பேட்டில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அது போகாது.

அந்தப் பிள்ளையிடம் ஒரு மின்ட் பென்டிரைவ் கொடுத்து அனுப்பினேன். போன வாரம் தோழிக்காக மார்த்தாண்டத்தில் ஒரு டி470 பார்க்கப் போனவள், பாஸ்வேர்டு திரை வந்ததும் எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நாளைக்கு எடுத்துத் தரேன்னு சொல்றாங்க, அட்வான்ஸ் கேக்காங்க."

"பென்டிரைவை உருவிட்டு வா மக்களே" என்றேன்.