நீ எந்தத் தெரு வழியாகப் போக மாட்டாய்?

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்டில் பதின்ம வயதினருக்கு உளவள ஆலோசனை தருவது என் வேலை. முதல் சந்திப்பில் தூக்கம், படிப்பு, வீடு எல்லாம் விசாரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: "நீ எந்தத் தெரு வழியாகப் போக மாட்டாய்?" யோசிக்காமல் பதில் வந்துவிடும். ஏன் என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள்.

16 வயதுப் பையன் ஒருவன் வந்தான். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பள்ளி விட்டதும் டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, வெயில் அடித்தாலும் சீருடைக்கு மேல் ஜாக்கெட் மாட்டிக்கொள்வான். இங்கே சீருடையைப் பார்த்தே கத்தோலிக்கனா, புராட்டஸ்டன்டா என்று சொல்லிவிடுவார்கள். எச் என்ற ஆங்கில எழுத்தை "எய்ச்" என்கிறாயா, "ஹெய்ச்" என்கிறாயா என்பதில்கூடக் கண்டுபிடிக்கிறவர்கள் உண்டு. அவனை யாரும் அடித்ததில்லை, மிரட்டியதும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் யாராவது பின்சீட்டில் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும். இந்த இரு சமூகங்களையும் பிளந்து, சுமார் 30 ஆண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட மோதலுக்கு முடிவு கட்டிய பெரிய வெள்ளி ஒப்பந்தம் 1998-இல் வந்தது. இவன் அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன்.

அவனுடைய அம்மாவிடம் பேசினேன். இரவில் யாராவது கதவைத் தட்டினால் அவர் நேராகப் போய்த் திறப்பதில்லை. விளக்கை அணைத்துவிட்டு மாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய அண்ணனை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். மகனிடம் இதைச் சொன்னதே இல்லை. "பிள்ளைக்கு எதற்கு அந்தப் பாரம்?" என்றார். பாரம் ஏற்கெனவே அவன் முதுகில்தான் இருந்தது. எதன் பாரம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

வீடு மௌனமாக இருந்தால், அந்தப் பயத்துக்கு வெளியில் யாராவது விளக்கம் சொல்லிக் கொடுப்பார்கள். என் பெரிய கவலை இதுதான். 2021 ஏப்ரலில் இங்கே லனார்க் வே தெருவில், இரு தரப்புக் குடியிருப்புகளையும் பிரிக்கும் "அமைதிச் சுவரின்" வாயிலில் கல்லும் பெட்ரோல் குண்டும் பறந்தன. அந்த நாட்களின் கலவரங்களில் 12, 13 வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெரியவர்கள் பக்கத்தில் நின்று கைதட்டி உற்சாகப்படுத்தியதாகக் காவல்துறை சொன்னது.

அதனால் பெற்றோரிடம் நான் வேண்டுவது, பேசுங்கள் என்பதுதான். கொடூரமான விவரங்கள் வேண்டாம். என்ன நடந்தது, அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது, இன்றும் உங்கள் உடம்பு எதற்கெல்லாம் பதறுகிறது என்பதைச் சொல்லுங்கள். "அவர்கள் எல்லாருமே அப்படித்தான்" என்று மட்டும் முடிக்காதீர்கள். சுட்டது ஒருவர், ஒரு சமூகம் முழுவதும் அல்ல. பிள்ளை கேள்வி கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, இரு தரப்பையும் சேர்த்து ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போவது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. 1981-இல் 28 மாணவர்களோடு லகன் கல்லூரி என்ற பள்ளி தொடங்கியபோது, இரு தரப்புப் பிள்ளைகளும் தினமும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். இன்றும் அத்தகைய ஒருங்கிணைந்த பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

அந்த அம்மா கடைசியில் மகனிடம் சொன்னார், என் அறையில் வைத்தே. அவன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "மாமாவுக்கு அப்போது என்ன வயது?" என்று கேட்டான். "19" என்றார். போட்டோ இருக்கிறதா என்றான்.

இருந்தது. அடுத்த வாரம் எடுத்து வந்தார்கள்.