கன்ராடு பக்கவாட்டுல ஆடுதுன்னு கிராங்க்கை இறக்காதீங்க

இந்த மாசத்துல இது மூணாவது வண்டி, அதான் உக்காந்து எழுதுறேன். அணைக்கட்டுல இருந்து காட்பாடிக்கு தினம் பால் கேன் கட்டிக்கிட்டு வர்ற ஒரு அண்ணன், 2006 ஸ்ப்ளெண்டர். காலையில ஸ்டார்ட் பண்ணா தடதடன்னு சத்தம், சூடாக சூடாக குறையுது, முறுக்கினா நீலப் புகை. வேற எடத்துல பிரிச்சு, கன்ராடை (பிஸ்டனையும், கீழ சுத்துற கிராங்க்கையும் இணைக்கிற தண்டு) இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டி, போச்சுன்னு சொல்லி புது கன்ராடு ஏத்தி, பழைய பிஸ்டன்லயே புது ரிங்கை (பிஸ்டனை சுத்தி மாட்டுற வளையம்) மாட்டி அனுப்பிட்டாங்க. வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்காரு மனுஷன். ரெண்டே மாசத்துல அதே சத்தம், அதே புகை. “இன்னா தம்பி, புது கன்ராடும் பூடுச்சா?”ன்னு கேக்குறாரு.

கன்ராடு பக்கவாட்டுல ஆடத்தாங்க செய்யும்! பெட்டியில இருந்து எடுக்குற புது கிராங்க்லயே ஆடும். பிக் எண்டுக்கு, அதாவது கிராங்க்ல மாட்டுற கன்ராடோட கீழ் முனைக்கு, ரெண்டு பக்கமும் அந்த கேப் இல்லன்னா ஆயில் எப்படி உள்ள போகும், பேரிங் சூடாகி பிடிச்சிடும். அந்த கேப்புக்கும் மேனுவல்ல லிமிட் போட்டிருக்கு, ஃபீலர் கேஜ் (இடுக்குல விட்டு அளக்குற மெல்லிசு தகடு) விட்டு அளந்து லிமிட்டை தாண்டியிருந்தா மட்டும் பேசுங்க, கண்ணால பாத்து சொல்லாதீங்க. இருக்கவே கூடாதது மேல கீழ ஆட்டம்தான். அதையும் ஆயிலோட பாக்கக் கூடாது, ஆயில் ஆட்டத்தை மறைச்சிடும், பெட்ரோல் விட்டு கழுவி காயவிட்டு, கன்ராடை உச்சிக்கு கொண்டாந்து, மேக்னட் (கிராங்க் முனையில இருக்குற சக்கரம்) பக்கம் ஒருத்தர் கிராங்க் சுத்தாம பிடிச்சுக்க, நேரா மேல இழுத்து கீழ அழுத்துங்க. லேசா ‘டக்’குன்னு கைக்கு தட்டினாலே கன்ராடு அவுட்.

சரி, அந்த அண்ணன் வண்டியில என்னதான் போச்சு? போர், அதாவது பிஸ்டன் மேல கீழ ஓடுற சிலிண்டர் துளை. மேல் விளிம்புக்கு கொஞ்சம் கீழ நகத்தை வச்சு இழுத்தேன், படியில தடுக்குற மாதிரி தடுக்குது. 50 எம்.எம். போரு, கேஜ் விட்டா மேல 50.14, அடியில 50.02. இந்த லட்சணத்துல புது ரிங் மட்டும் போட்டு என்ன பிரயோஜனம்? சூடாகாத இஞ்சின்ல பிஸ்டன் செவுத்துல அடிக்கிற சத்தம் அது, சூட்டுல பிஸ்டன் விரியிறதால அடங்குது. ஏர் ஃபில்டர் கிழிஞ்சு பாலாத்தங்கரை ரோட்டு மண்ணு மொத்தமும் உள்ள போயிருக்கு, அதை யாரும் திறந்துகூட பாக்கல.

போர் கேஜ் இல்லாத தம்பிங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு புது ரிங்கை போருக்குள்ள விட்டு பிஸ்டனால நேரா தள்ளி, அடியில ஒரு தடவை, மேல தேய்ஞ்ச எடத்துல ஒரு தடவை ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற கேப்பை அளங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல வகுத்தா விட்டம் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். இந்த வண்டியில வித்தியாசம் 0.38 எம்.எம். வந்துச்சு, அதாவது தேய்மானம் 0.12.

ஸ்டார்ட் பண்ணதும் மட்டும் புகைஞ்சு நின்னுடுச்சுன்னா முதல்ல வால்வு சீலை (வால்வு வழியா ஆயில் உள்ள இறங்காம தடுக்குற ரப்பர்) பாருங்க, போரை தொடாதீங்க.

வண்டிக்காரங்களே, அளவை பேப்பர்ல எழுதிக் கேளுங்க, கழட்டின பழைய சாமானை வாங்கிட்டு வாங்க, தயவு செஞ்சு. கூச்சப்படாதீங்க, உங்க காசு.

இப்ப அந்த போர் 0.25 ஓவர்சைஸுக்கு, அதாவது 0.25 எம்.எம். பெருசா கடையறதுக்கு, லேத்துல இருக்கு. புது பிஸ்டனையும் கூடவே குடுத்திருக்கேன், பிஸ்டனை அளந்துட்டுதான் போரிங் போடணும்னு லேத்துக்காரர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டு வந்தேன்.