ஸ்மோக்கி ஜோ வுட்டின் வலது தோள்

பையனை பேஸ்பால் பிட்சராக்க, அதாவது பந்து எறிபவனாக்க வேண்டும் என்று ஆசையோடு வரும் பெற்றோரிடம் நான் அடிக்கடி சொல்லும் பெயர் ஸ்மோக்கி ஜோ வுட். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கான கௌரவப் பட்டியலான பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் இல்லை. ஆனால் 1912-இல் இந்த நாட்டில் அவரைவிடச் சிறப்பாகப் பந்து எறிந்தவர் இல்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

நான் நியூ ஜெர்ஸியில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். தோள், முழங்கை வலியோடு வரும் விளையாட்டுப் பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம். ஏப்ரல் பிறந்தால் சிறுவர்களுக்கான பேஸ்பால் போட்டியான லிட்டில் லீக் தொடங்கும், மே மாதத்தில் அவர்கள் வரத் தொடங்குவார்கள். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது நிறைய வருகிறார்கள். அப்பாவுக்குக் கிரிக்கெட் தெரியும், பேஸ்பால் தெரியாது. கோச் சொல்வதுதான் வேதம். அந்தப் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜோ வுட் 1889-இல் கேன்சஸ் சிட்டியில் பிறந்தவர். கொலராடோ மலைகளில் யூரே என்ற சுரங்க ஊரிலும், அப்புறம் கேன்சஸ் மாநிலத்திலும் வளர்ந்தார். 1908-இல், பதினெட்டு வயதில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு வந்துவிட்டார். 1912-இல் அவருக்கு 22 வயது. அந்த ஆண்டு அவர் கணக்கில் 34 வெற்றி, 5 தோல்வி. தொடக்க பிட்சராக இறங்கிய 38 ஆட்டங்களில் 35-ஐக் கடைசி வரை அவரே எறிந்து முடித்தார். மொத்தம் 344 இன்னிங்ஸ். இன்றைய மேஜர் லீக்கில், அதாவது உச்சநிலைத் தொழில்முறைப் போட்டியில், ஒரு பிட்சர் 200 இன்னிங்ஸைத் தொட்டாலே பெரிய விஷயம்.

செப்டம்பர் 6 அன்று, அந்த ஆண்டுதான் திறந்திருந்த ஃபென்வே பார்க்கில், வாஷிங்டன் அணியின் பிட்சர் வால்டர் ஜான்சனோடு நேருக்கு நேர் மோதினார். கூட்டம் இருக்கைகள் போதாமல் மைதானத்துக்குள்ளேயே வந்து நின்றது. வுட் 1-0 என்று ஜெயித்தார்.

ஆனால் ஒரு பிசியோதெரபிஸ்டாக என் கண் போவது அந்த அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸோடு நடந்த வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரின் தேதிகள் மீதுதான். அக்டோபர் 8, முழு ஆட்டம், 11 ஸ்டிரைக் அவுட் (மட்டையாளரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது). அக்டோபர் 11, மறுபடி முழு ஆட்டம். அக்டோபர் 15, ஒரே இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்துவிட்டு வெளியேறினார். மறுநாளே, அக்டோபர் 16, கடைசி ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் மறுபடி இறக்கினார்கள். அங்கே ஜயன்ட்ஸ் வீரர் அடித்த பந்து அவர் கையில் பட்டது. பத்தாவது இன்னிங்ஸில் மட்டை பிடிக்கும் முறை வந்தபோது அவரால் முடியாமல் எங்கிள் என்பவரை அனுப்பினார்கள். பாஸ்டன் ஜெயித்தது, வெற்றி வுட்டின் கணக்கில் எழுதப்பட்டது. 344-க்கு மேல் இன்னொரு 22 இன்னிங்ஸ்.

அடுத்த ஆண்டு ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தார். பந்து எறியும் வலது கையின் கட்டைவிரல் உடைந்தது.

கட்டைவிரல்தானே என்று தோன்றும். ஒரு பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே, கட்டைவிரல் கீழே. பந்தை அடியில் தாங்குவது அந்த ஒரு விரல்தான். அதில் வலி இருந்தால் பிடி மாறும். பிடி மாறினால் பந்தை விடும் நேரமும் மணிக்கட்டின் கோணமும் மாறும், அதை ஈடுகட்டத் தோள் வேறு மாதிரி வேலை செய்யும். பிட்ச், அதாவது மட்டையாளரை நோக்கிப் பந்து எறிவது, கால், இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, விரல் என்று வரிசையாக நடக்கும் வேலை. ஒரு பெரிய பிட்சரின் மேற்கை உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு சுமார் 7,000 டிகிரி. பந்து கையை விட்டுப் போன அடுத்த கணம் அந்த வேகத்தை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவது தோளின் பின்பக்கம் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள். வரிசையில் எங்கே குறை இருந்தாலும் கடைசியில் அடி வாங்குவது தோளோ முழங்கையோதான்.

வுட் திரும்பி வந்து எறியத் தொடங்கியதும் தோளில் வலி வந்தது. சீக்கிரமே திரும்பிவிட்டோமோ, விழுந்தபோதே தோளுக்கும் ஏதாவது ஆகிவிட்டதோ என்று வயதான பிறகும் அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். என் அனுபவத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. விரல் முழுசாகக் குணமாகாமல் எறிந்தால் தோள் கெடும்.

இந்த வாழ்க்கையில் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஆண்டு 1912 இல்லை, 1915. அந்த ஆண்டு வுட் 15 ஆட்டம் ஜெயித்து 5-இல் தோற்றார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கணக்கில் ஏறிய ரன் 1.49. அமெரிக்கன் லீக்கிலேயே அதுதான் மிகக் குறைவு. பேப்பரில் பார்த்தால் நாட்டின் தலைசிறந்த பிட்சர். உண்மையில், ஒரு ஆட்டம் எறிந்து முடித்தால் பல நாள் கையைத் தூக்க முடியாத நிலை. அந்த வேர்ல்டு சீரிஸில் அவர் எறியவே இல்லை. 1916 முழுக்க வீட்டில் இருந்தார். அப்போது எம்.ஆர்.ஐ. இல்லை, முழங்கைத் தசைநாரை மாற்றிவைக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை 1974-இல்தான் வந்தது. நியூயார்க்கில் ஒரு கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் சரிசெய்பவர்) போய்ப் பார்த்தார், கை பழையபடி வரவில்லை.

"போன வாரம்கூட ஜெயிச்சானே சார், அதுக்குள்ள எப்படி?" என்று கேட்கும் அப்பாக்களுக்கு நான் 1915-ஐத்தான் சொல்வேன். ஜெயிக்கிறான் என்பதால் தோள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. திறமையான பையன் வலியைத் தாண்டி எறியக் கற்றுக்கொள்வான், அதனால்தான் அவன் விஷயத்தில் தாமதமாகத் தெரியும்.

பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல். எலும்பு வளரும் முனையில், தோளுக்குச் சற்றுக் கீழே, மிருதுவான வளர்ச்சித் தட்டு இருக்கும். பதினொன்றிலிருந்து பதினாறு வயதுக்குள் அதிகமாக எறியும் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு விரிந்துவிடும். லிட்டில் லீகர்ஸ் ஷோல்டர் என்பார்கள். போன சீசனில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். மேற்கையின் வெளிப்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவ்வளவா வலிக்கல அங்கிள்" என்றான். பந்தை விடும் நேரத்தில் வலிக்குமா என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தான், பதில் இல்லை. டாக்டர் இரண்டு தோளையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கே வித்தியாசம் தெரிந்தது. பையன் லிட்டில் லீகிலும் ஆடுகிறான், வெளியூர்களுக்குப் போய் ஆடும் டிராவல் டீமிலும் ஆடுகிறான். இரண்டு கோச்சும் பிட்ச் எண்ணிக்கையைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள், தன் தன் அணிக்கு மட்டும். இரண்டையும் யாரும் கூட்டவில்லை.

லிட்டில் லீக் 2007-இலிருந்து பிட்ச் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறது. 9, 10 வயதுக்கு ஒரு நாளில் 75, 11, 12 வயதுக்கு 85. பதினான்கு வயது வரை, 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு, 51 முதல் 65 வரை மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். இந்த எண்கள் அணிக்கு அல்ல, உங்கள் பிள்ளையின் கைக்கு. எத்தனை அணியில் ஆடினாலும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். அதை எழுதி வைப்பது பெற்றோர் வேலை, ஏனென்றால் எல்லா ஆட்டத்துக்கும் கூடவே போகிறவர்கள் நீங்கள் மட்டும்தான்.

கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்த இளம் பிட்சர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 36 மடங்கு அதிகம் என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஓராண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பலத்த காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று 2011-இல் வந்த இன்னொன்று சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டும் "இப்பவே டாமி ஜான் ஆபரேஷன் பண்ணிட்டா கை இன்னும் வேகமாகுமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. கிழிந்த தசைநாருக்கு மாற்று வைக்கும் சிகிச்சை அது, ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டத்தை விட்டு உட்காரவும் வேண்டும்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி கேட்கிறது: அந்தக் காலத்தில் யார் எண்ணினார்கள், எல்லாரும் எறியவில்லையா? எறிந்தார்கள். தாங்கியவர்களின் பெயர்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வுட் எவ்வளவு நன்றாக எறிந்தார் என்பது எழுதி வைக்கப்பட்டதால்தான் அவர் எதை இழந்தார் என்பதும் தெரிகிறது. பெயர் தெரியாமல் வீட்டுக்குப் போன கைகள் எத்தனையோ.

சரி, வுட் அப்புறம் என்ன ஆனார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1917-இல் பாஸ்டன் அவரை 15,000 டாலருக்குக் கிளீவ்லாந்துக்கு விற்றது. நண்பர் டிரிஸ் ஸ்பீக்கர் ஏற்கெனவே அங்கே இருந்தார். பிட்சராக முடியவில்லை என்றதும் வுட் மட்டையோடு, மைதானத்தின் வெளிப்பகுதியில் பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டுக்குப் போனார். 1918 மே மாதம் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக 19 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் அடித்தார். ஆட்டத்தை முடித்து வைத்ததே அவருடைய இரண்டாவது ஹோம் ரன். 1920-இல் வேர்ல்டு சீரிஸ் ஜெயித்த கிளீவ்லாந்து அணியில் அவரும் இருந்தார். 1922 வரை ஆடிவிட்டு யேல் பல்கலைக்கழகத்தில் கோச்சாகச் சேர்ந்தார். முதலில் முதலாண்டு மாணவர் அணி, 1924 முதல் 1942 வரை முதன்மை அணி. 1926-இன் இறுதியில் பழைய சூதாட்டப் புகார் ஒன்றில் டை காப் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர், ஸ்பீக்கர் இவர்களோடு வுட்டின் பெயரும் அடிபட்டது. யேல் அவரைக் கைவிடவில்லை.

1981 மே மாதம் யேல் மைதானத்தில், 91 வயது வுட் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க, யேலின் ரான் டார்லிங் செயின்ட் ஜான்ஸ் அணிக்கு எதிராக 11 இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் எறிந்தார். எதிரணியில் எறிந்தவர் ஃபிராங்க் வயோலா. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் செயின்ட் ஜான்ஸ் 1-0 என்று ஜெயித்தது. இருவரும் பின்னாளில் மேஜர் லீக்கில் பெயர் வாங்கினார்கள். கல்லூரி ஆட்டம் என்றால் இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள், எனக்கும் பிடித்த ஆட்டம்தான். ஆனால் உங்கள் வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதை அளவுகோலாக வைக்காதீர்கள். 1985-இல் யேல் வுட்டுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில் 95 வயதில் இறந்தார்.

நான் சொன்ன பையனுக்கு மூன்று மாதம் பந்து எறியத் தடை. அழுதான். ஓடலாம், கால், இடுப்பு, முதுகுக்கான பயிற்சிகள் செய்யலாம், வலி போன பிறகு டாக்டரைக் கேட்டு மட்டை பிடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். எறிய அனுமதி கிடைத்ததும் 30 அடி தூரத்தில், மெதுவாக, ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்க வேண்டும். ஒரு தூரத்தில் இரண்டு முறை வலியில்லாமல் எறிந்தால்தான் அடுத்த தூரம், வலித்தால் முந்தைய தூரத்துக்குத் திரும்ப வேண்டும். பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறி பிட்ச் போடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். அம்மாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். தேதி, எந்த அணி, எத்தனை பிட்ச், மறுநாள் காலையில் கை எப்படி இருந்தது என்று நான்கு கட்டம் போட்டால் போதும். இரண்டு கோச்சுக்கும் அதை ஆட்டத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள்.